குழந்தைக்குப் பிறந்தநாள் உடை: வாங்கியவர்கள், தைத்தவர்கள், போட்டுவிட்டவர்கள் சொன்னவை

அக்கா மகளுக்கு அடுத்த மாதம் மூன்று வயது நிறைகிறது. பிறந்தநாள் ஃப்ராக் இந்த வருடமும் சித்தி பொறுப்புதான். போன முறை நான் கையாண்ட ஒரு வழி நன்றாகப் பலித்தது. அதைச் சொல்லிவிட்டு உங்கள் அனுபவங்களையும் கேட்கிறேன்.

அக்காவிடம் "என்ன சைஸ்?" என்று நான் கேட்கவில்லை. "இப்போ அவளுக்குச் சரியா இருக்கிற ஃப்ராக் ஒண்ணை மேசையில விரிச்சு அளந்து சொல்லு" என்றேன். தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை எவ்வளவு, அக்குளுக்கு அக்குள் எவ்வளவு, தோளுக்குத் தோள் எவ்வளவு. அந்த அளவுகளையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். '2–3 வயது' என்று ஒரே சீட்டு போட்ட இரண்டு ஃப்ராக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால், மார்புச் சுற்றில் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம்! வயதை வைத்துப் போடும் அளவு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. உயரத்தைச் செ.மீ.யில் போடும் உடைகள் எனக்கு நம்பிக்கையாகப் படுகின்றன. 92, 98, 104 என்று ஆறு ஆறாக ஏறும்; நம் குழந்தையின் உயரம் தெரிந்தால் போதும்.

"வளர்ற பிள்ளைதானே, பெருசா வாங்கு" என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு பெரிதாக என்பது வயதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி சராசரியாக 1 வயதில் 75 செ.மீ. அளவில் இருக்கும் குழந்தை 2 வயதில் 86, 87 செ.மீ. ஆகிவிடுகிறது. மூன்று வயதுக்கு மேல் வருடத்துக்கு ஏறத்தாழ 7 செ.மீ.தான் கூடுகிறது. அதனால் நான் நீளத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பார்ப்பேன். தோளும் கழுத்தும் இன்றைக்குப் பொருந்த வேண்டும். தோள் சரிந்து விழும் உடையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே அவள் எப்படி ஓடுவாள்?

*

நான் போட்டுவிடுகிற ஆள், அதாவது அம்மா. என் மகனுக்குக் கரப்பான் (தோல் அரித்துச் சிவக்கும் நோய்) உண்டு, மகளுக்கும் தோல் கொஞ்சம் மென்மை. மகளுடைய இரண்டாவது பிறந்தநாளுக்கு உறவினர் ஒருவர் அழகான நெட் ஃப்ராக் கொண்டுவந்தார். வெளியே பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. போட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தை இடுப்பைச் சொறிய ஆரம்பித்துவிட்டாள். கழற்றிப் பார்த்தால் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. லைனிங் துணி இடுப்போடு நின்றுவிட்டது. நெட்டைச் சுருக்கிப் பிடித்த தையல் மறைப்பு எதுவும் இல்லாமல் நேராக உடம்பில் உரசியிருக்கிறது. பழைய பருத்தித் துணியில் ஒரு பட்டி வெட்டி உள்ளே வைத்துத் தைத்தேன். அதன்பிறகு அதே ஃப்ராக்கை அவளே கேட்டுப் போட்டுக்கொண்டாள்.

அன்பளிப்பு வாங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: உடையை உள்பக்கம் திருப்பி, உங்கள் முன்கையின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். கழுத்துக்குப் பின்னால் இருக்கிற சீட்டு, அக்குள் தையல், இடுப்பு, ஜிப்பின் மேல்முனை. உங்களுக்கு உறுத்தினால் அவளுக்கு இன்னும் உறுத்தும்.

இன்னொன்று. புதுத் துணியைத் துவைக்காமல் போடாதீர்கள். சுருக்கம் விழாமல் இருக்க ஏற்றும் பூச்சில் தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருப்பதுண்டு. துவைத்தால் ஒரு பகுதி போய்விடும். துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் 'ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' முத்திரை இருந்தால் அதில் எந்த வகுப்பு என்று பாருங்கள். முதல் வகுப்பு மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் துணிகளுக்கானது, கட்டுப்பாடும் அதில்தான் மிகக் கடுமை. எங்கள் பெரியம்மா ஒருமுறை என்னிடம் அளவு கேட்டு வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, "இன்னைக்கே போடலாம்" என்று சீட்டு எழுதி வைத்துக் கொடுத்தார். அட்டைப் பெட்டி இல்லை, பளபளப்பு இல்லை. அதைப் போல ஒரு பரிசு எனக்கு இன்னும் வரவில்லை.

*

குழந்தைகளுக்குத் தைக்கிறேன், நிறைய வருடமாக. அளவைப் பற்றிச் சித்தி சொன்னது சரி. ஆனால் தலையை விட்டுவிட்டீர்கள்! இரண்டு வயதுக் குழந்தையின் தலைச்சுற்றளவே 47, 48 செ.மீ. இருக்கும். உடம்போடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தலை பெரிது. கழுத்து அழகாக நெருங்கி இருக்கட்டும் என்று ஒரு பாட்டி துணியோடு வந்தார்கள். "அம்மா, பின்னால திறப்பு வைக்காம இது தலையில இறங்காது" என்று சொல்லி, பட்டன் வைத்துத் தைத்தேன். கடையில் வாங்கும்போதும் பின்னால் நல்ல நீளத்துக்குத் திறக்கிறதா என்று பாருங்கள். ஜிப் என்றால் அதற்கு உள்ளே ஒரு துணிப்பட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகுத் தோல் மாட்டும்.

பருத்தியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவேன். கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விடுவேன், பக்கத்தில் ஓர் அங்குலம். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் அதே உடை மறுபடி ஆகும்.

கழுத்தில் கயிறு, நாடா வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். வைக்க மாட்டேன். சறுக்குமரத்திலோ கதவிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவின் ஈ.என். 14682 தர விதி, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியிலும் தலைமூடியிலும் இழுத்துக் கட்டும் கயிறே கூடாது என்கிறது.

*

அப்பாக்கள் சார்பில் ஒரு வேண்டுகோள். நான்கு வயதுப் பையனுக்குத் தோள்பட்டை வார், இறுக்கமான கொக்கி வைத்த பேண்ட் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவன் இப்போதுதான் தானாகப் பாத்ரூம் போகக் கற்றிருக்கிறான். விருந்தாளிகள் நடுவில் அவசரமாக வந்து, கொக்கி கழறாமல் அவன் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு அது பெரிய அவமானம். எலாஸ்டிக் இடுப்பு, மேலே நல்ல சட்டை. போதும்.

*

தாய்மாமன் நான். மருமகளிடம் இரண்டு ஃப்ராக்கின் படத்தைக் காட்டி "எது வேணும் தங்கம்?" என்றேன். இரண்டுமே நான் உள்பக்கம் தடவிப் பார்த்து, அளந்து வைத்தவை. எது எடுத்தாலும் எனக்குச் சம்மதம். நான் நினைத்ததை விட்டுவிட்டு மஞ்சளைக் காட்டினாள். பிறந்தநாள் அன்று கழற்றவே விடவில்லை, அதோடே தூங்கினாள். மூன்று வயதுக்கு மேல் கேட்டுவிடுங்கள். ஆச்சரியம் கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை.

*

சித்திதான் மறுபடி. எல்லாருக்கும் நன்றி. தைக்கிறவரிடம் ஒரு கேள்வி: நான் பார்த்து வைத்த ஃப்ராக்கில் மார்பில் முத்து வைத்திருக்கிறது. வீட்டில் பத்து மாதத் தம்பி தவழ்கிறான். தைத்த முத்தா, ஒட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

*

உள்பக்கம் திருப்புங்கள். தைத்ததாக இருந்தால் ஒவ்வொரு முத்துக்குப் பின்னாலும் நூல் தெரியும். ஒட்டியதாக இருந்தால் துணி அந்த இடத்தில் விறைத்து, பசை ஊறிய புள்ளி தெரியும். துவைக்கத் துவைக்கப் பசை விட்டுப்போகும். தைத்ததிலும் ஒரே நூலில் வரிசையாகக் கோத்திருந்தால் ஒன்று அறுந்தால் எல்லாம் உதிரும். தவழும் பிள்ளை தரையில் கிடப்பதை வாயில்தான் போடும், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த வீட்டுக்கு முத்தே வேண்டாம், நூல் வேலைப்பாடு செய்த ஃப்ராக்காகப் பாருங்கள் அம்மா.