விழும் பொருளுக்கு 9.8 என்ற கணக்கு பொருந்துமா?

கணக்கன்:
பூமிக்கருகே விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் கூடும் என்கிறது பாடநூல். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் மழைத்துளி நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் துளி உண்மையில் வருவதோ ஆறேழு மீட்டர் வேகத்தில்தான். இருபது மடங்கு பிசகும் விதியை மாணவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

விண்ணோக்கி:
ஐயா, விதி பிசகவில்லை. நீங்கள் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஈர்ப்பு இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் வளர்ந்து, எடைக்குச் சமமானதும் வேகம் அத்துடன் நின்றுவிடுகிறது. 2012 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் பகுதியில் ஆஸ்திரிய வான்குதி வீரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தபோது, மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். மேலே காற்று அவ்வளவு மெலிந்திருந்தது.

கணக்கன்:
அந்த உச்சவேகம் குதித்த ஐம்பதாவது நொடியில் வந்தது. அதாவது நொடிக்கு 377 மீட்டர். உங்கள் கணக்குப்படி 490 ஆகியிருக்க வேண்டுமே! உங்கள் சான்று எனக்கல்லவா சாட்சி சொல்கிறது? போதாக்குறைக்கு, அந்த உயரத்தில் முடுக்கமே, அதாவது நொடிக்கு நொடி வேகம் கூடும் அளவே, 9.7 தான், நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. இடத்துக்கு இடம் மாறுவதை மாறிலி என்பானேன்?

விண்ணோக்கி:
மாற்றம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதனால் 113 மீட்டர் குறையாது. குறைவு எங்கே விழுந்தது என்று பாருங்கள். 34-ஆவது நொடியில் அவர் ஒலியின் வேகத்தை எட்டினார். அந்த உயரத்தில் அது நொடிக்கு 300 மீட்டருக்குச் சற்று மேல். 9.7 வீதம் கணக்கிட்டால் 330 வரும். அதுவரை பெரிய இழப்பில்லை. அடுத்த பதினாறு நொடிகளில் 155 மீட்டர் கூட வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 70 தான் கூடியது. கீழே இறங்க இறங்க ஈர்ப்பு மிகச் சிறிதளவு கூடியும், உச்சத்துக்குப் பிறகு அவருடைய வேகம் குறையவே செய்தது. அடர்ந்துகொண்டே வந்த காற்றைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்ல முடியுமா?

கணக்கன்:
காரணத்தை நான் மறுக்கவில்லை. காற்றில்லாத உலகத்துக்கான சூத்திரத்தைக் காற்றுள்ள ஊரில் நிபந்தனை சொல்லாமல் கற்பிப்பதைத்தான் மறுக்கிறேன்.

விண்ணோக்கி:
நிபந்தனையைத் தாராளமாக அச்சிடட்டும். சூத்திரத்தைத் தள்ளிவிட வேண்டாம். இருபது மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழும் நெற்று இரண்டே நொடியில், மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வரும் என்பதை அந்தச் சூத்திரமே சொல்லிவிடும். அவ்வளவு கனமான காய்க்கு, அந்த உயரத்தில், காற்றின் பங்கு சொற்பம்.