நிக்கல்பேக் ரசிகர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

நெய்வேலிக்காரன்:

வணக்கம். நெய்வேலியில் வளர்ந்தவன், ஆல்பர்ட்டாவில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டெக்னீஷியன். கனடா வந்த புதிதில் எண்ணெய் வயல்களில் வேலை பார்த்தேன், இப்போது கல்கரியில் அலுவலக வேலை. எனக்கு நிக்கல்பேக் என்ற கனடிய ராக் குழுவைப் பிடிக்கும். ஒரு காலத்தில் கேட்டேன், இப்போது விட்டுவிட்டேன் என்கிற கதை இல்லை. இன்றைக்கும் வண்டியைக் கிளப்பினால் முதலில் ஓடுவது அவர்கள் பாட்டுத்தான்.

சமீபத்தில் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசார விருந்து. என் போனை ஸ்பீக்கரில் இணைக்கச் சொன்னார்கள். 'ஃபார் அவே' ஆரம்பித்தது. முதல் வரி முடிவதற்குள் சிரிப்பு, அப்புறம் "யாராவது இவனிடமிருந்து போனை வாங்குங்கள்" என்று ஒரு குரல். பாட்டை முழுதாகக் கேட்டு 'இது நன்றாக இல்லை' என்று யாராவது சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்து பேசியிருப்பேன். யாரும் கேட்கவே இல்லை. பெயர் தெரிந்ததும் சிரிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

எண்ணெய் வயலில் இதே பாட்டு பிக்கப் வண்டியில் வந்தால், கூட வரும் வெல்டரும் பைப்ஃபிட்டரும் சத்தமாகச் சேர்ந்து பாடுவார்கள். ஒரே மாகாணம்தான்.

இந்த வெறுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 2002-இல் போர்ச்சுக்கல்லில் ஒரு இசை விழாவில் கல்லும் பாட்டிலும் எறிந்தார்கள், குழு பாதியில் மேடையை விட்டு இறங்கியது. 2003-இல் அமெரிக்க நகைச்சுவைச் சேனல் ஒன்றில் நகைச்சுவையாளர் பிரையன் போசேன் இவர்களைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். சேனல் அந்தத் துண்டையே நிகழ்ச்சிக்கு விளம்பரமாக்கி மாதக்கணக்கில் ஓட்டியது. 2011-இல் டெட்ராய்ட்டில் தேங்க்ஸ்கிவிங் நாள் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் இவர்கள் வாசிக்கக்கூடாது என்று 50,000-க்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 2016 கடைசியில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கென்சிங்டன் என்ற சிற்றூரின் காவல்துறை, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் சிறைக்குப் போகும் வழியெல்லாம் நிக்கல்பேக் பாட்டைப் போடுவோம் என்று அறிவித்தது. கனடாக் காவல்துறையே, கனடாக் குழுவைப் பற்றி! பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

அதே குழுவின் 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' 2001 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்க வானொலிகளில் மிக அதிகமாக ஒலித்த பாட்டு அதுதான், 12 லட்சம் தடவைக்கு மேல். 2005-இல் வந்த 'ஆல் த ரைட் ரீசன்ஸ்' ஆல்பத்துக்கு அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிக்கான டயமண்ட் சான்று கிடைத்திருக்கிறது. உலகம் முழுக்க 5 கோடி ஆல்பங்களுக்கு மேல் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

அவர்கள் ஊரான ஹானாவுக்குப் போயிருக்கிறேன். கல்கரியிலிருந்து வடகிழக்கே 200 கிலோமீட்டருக்கு மேல், டிரம்ஹெல்லரைத் தாண்டி 9-ஆம் எண் நெடுஞ்சாலையில் போக வேண்டும். சுமார் 2,500 பேர் வாழும் ஊர். சுற்றிலும் வயல், மாட்டுப் பண்ணை. பக்கத்தில் ஷீர்னஸ் அனல்மின் நிலையம். நிலக்கரியில் ஓடிக்கொண்டிருந்தது, 2021-இல் முழுக்க எரிவாயுவுக்கு மாறிவிட்டது. சுரங்கமும் புகைபோக்கியும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஊர் அந்நியமாகவே இல்லை. 'போட்டோகிராஃப்' பாட்டு அங்கே வளர்ந்த காலத்தைப் பற்றியது, வீடியோவையும் அங்கேதான் எடுத்தார்கள். உலகம் அதன் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு மீம் போட்டுத் தீர்த்தது. ஊரை விட்டுப் போனவன் பழைய படம் ஒன்றைப் பார்த்து, படித்த பள்ளியையும் முதலில் முத்தமிட்ட பெண்ணையும் நினைக்கிறான், விடைபெறுகிறான். பாட்டு அவ்வளவுதான். அதைக் கேட்கும்போது எனக்கு நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த வட்டமும், குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற முந்திரி மரமும், இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியாத நண்பர்களும் ஒவ்வொன்றாக வந்து நிற்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இரண்டு கேள்விகள். தமிழர்களில் இவர்களைக் கேட்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்த வெறுப்பு உண்மையிலேயே இசையிலிருந்து வருகிறதா, வேறு எங்கிருந்தாவதா?

ஸ்காபரோ பெடியன்:

அண்ணை, நீங்கள் தனிய இல்லை. நானும் கேட்கிறனான். ஆனால் வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லுவேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் நான் இங்கே ஹைஸ்கூல்.

கனடா வானொலிகளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. போடுகிற பாட்டுகளில் 35 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்க வேண்டும். 1971-இல் 30 என்று தொடங்கி, 90களின் கடைசியில் 35 ஆக்கினார்கள். அதே நேரத்தில்தான் இவர்களின் 'லீடர் ஒஃப் மென்' பாட்டு வந்தது. ராக் நிலையங்களுக்குக் கனடியப் பாட்டு தேவை, இவர்களிடம் வானொலிக்கு ஏற்ற மாதிரிப் பாட்டு இருந்தது. பிறகென்ன? காலையில் பஸ்ஸில் நிக்கல்பேக், பின்னேரம் டோனட் கடையில் நிக்கல்பேக், இரவு அப்பாவின் டாக்ஸியில் நிக்கல்பேக். என் தங்கச்சிக்கு அந்தக் குரலைக் கேட்டாலே கோபம் வரும். அவளுக்கு இசையில் பிழை ஒன்றும் தெரியாது, கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பக்கத்து நாட்டுப் பாட்டு இந்த நாட்டை முழுசாக விழுங்கியிருக்கும். ஆனால் அதன் விலையை ஒரு குழு தனியாகக் கட்டினது மாதிரி எனக்குப் படுகிறது.

ஆறாம் தந்தி:

நான் சென்னையில் கிதார் வாசிப்பவன், சின்னக் குழு ஒன்று வைத்திருக்கிறோம். எனக்கு நிக்கல்பேக் பிடிக்காது. நண்பர் நேராகக் கேட்டிருப்பதால் நானும் நேராகவே சொல்கிறேன், கேலி செய்ய வரவில்லை.

வானொலி மட்டும்தான் காரணம் என்றால் அந்தக் காலத்தில் அதிகம் ஒலித்த எல்லோரையும் வெறுத்திருக்க வேண்டுமே. 'ஹவ் யூ ரிமைண்ட் மீ'யை ஒரு காதிலும் 'சம்டே'யை மறு காதிலும் ஓடவிட்ட அந்தப் பழைய ஒலிக்கோப்பைக் கேட்டிருப்பீர்கள். சரணம் அடங்கும் இடம், பல்லவி வெடிக்கும் இடம், நடுவில் நிறுத்தம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். இரண்டு வருட இடைவெளியில் வந்த இரண்டு பாட்டுகள்! அப்புறம் குரல். பாடகர் சாட் க்ரோகர் எந்த உணர்ச்சியையும் அதே கரகரப்பில்தான் பாடுகிறார். சோகமானாலும் குடிக்கொண்டாட்டமானாலும் தொண்டை ஒன்றே. கிதார்களையும் அடுக்கடுக்காகப் பதிவு செய்து இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடுகிறார்கள், மூச்சுவிட இடமில்லை.

2008-இல் வந்த 'டார்க் ஹார்ஸ்' ஆல்பத்தில் பெண்களைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளை என் தங்கை முன்னால் நான் போட மாட்டேன். இது இசை ரசனை சார்ந்த விஷயமே இல்லை.

கவுண்டம்பாளையம்:

நான் 'ஸ்பைடர்மேன்' படத்தில் வந்த 'ஹீரோ' பாட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அது இவர்களா? நன்றாகத்தானே இருந்தது!

நெய்வேலிக்காரன்:

கவுண்டம்பாளையம், ஆமாம். அதைப் பாடியது சாட் க்ரோகரும் சலைவா குழுவின் ஜோஸி ஸ்காட்டும். நிக்கல்பேக் பெயரில் வந்த பாட்டு இல்லை, ஆனால் எழுதியது சாட்.

ஸ்காபரோத் தம்பி, 35 சதவீதம் கனடாவுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே 1996-இல் தொலைத்தொடர்புச் சட்டம் மாறி, ஒரே நிறுவனம் எத்தனை நிலையங்களை வேண்டுமானாலும் நாடு முழுக்க வாங்கலாம் என்றாகியது. கிளியர் சேனல் என்ற நிறுவனம் ஒன்றே 1,200 நிலையங்களுக்கு மேல் வைத்திருந்தது. ஊர் ஊராக ஒரே பாட்டுப் பட்டியல். வழி வேறு, ஆனால் நீங்கள் சொன்ன அலுப்பு அங்கேயும் வந்தது.

ஆறாம் தந்தி, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. 'டார்க் ஹார்ஸ்' பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஆல்பத்தில் பாதிப் பாட்டுகளை நான் கேட்பதே இல்லை. ஆனால் பெண்களைப் பற்றிப் பேசும்போது 'நெவர் அகெய்ன்' பாட்டையும் சேர்த்துப் பேச வேண்டும். 2001 ஆல்பத்தின் முதல் பாட்டு அது. அப்பா அம்மாவை அடிப்பதை ஒரு பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வானொலியில் ஓட வேண்டும் என்று நினைத்து ஆல்பம் போடுகிறவர்கள் அதை முதலில் வைத்தார்கள். அதே ஆல்பத்தில் 'டூ பேட்', குடும்பத்தை விட்டுப் போன தகப்பனைப் பற்றியது, சாட்டின் சொந்தக் கதை. மைக் க்ரோகர், சாட்டின் அண்ணன், அதில் பாஸ் வாசிக்கிறார். குடும்பம் உடைந்ததைப் பற்றி அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே பாடுகிறார்கள். அதைப் போலி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

குரலைப் பற்றி நீங்கள் சொன்னது புரிகிறது. ஆனால் எனக்கு அந்தக் கரகரப்பு மனிதர்களை நினைவூட்டுகிறது. குளிரில் வெளியே நின்று நாள் முழுக்கக் கத்திப் பேசியவன் மாலையில் பேசும் குரல் அது. ஷிஃப்ட் முடிந்து வண்டியில் ஏறும்போது எங்கள் எல்லோருக்கும் அந்தக் குரல்தான் இருக்கும்.

நீங்கள் கிதார் வாசிப்பவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். 2004 டிசம்பரில் பான்டேரா என்ற மெட்டல் குழுவின் கிதார் கலைஞர் டைம்பேக் டாரல் ஒஹையோவில் மேடையிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் நிக்கல்பேக்குக்கு நண்பர். அவரைப் பற்றி 'சைட் ஆஃப் எ புல்லட்' எழுதினார்கள். டாரலின் அண்ணன் வின்னி பால், டாரல் பதிவு செய்து பயன்படுத்தாமல் விட்டிருந்த சோலோ (தனிக் கிதார் வாசிப்பு) பகுதிகளை இவர்களிடம் கொடுத்தார். அந்தப் பாட்டில் சோலோ வாசிப்பது இறந்துபோன டாரல்தான். உலகமே 'போலி ராக்' என்று சொல்லும் ஒரு குழுவிடம், மெட்டல் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் தம்பியின் வாசிப்பை ஒரு அண்ணன் நம்பிக் கொடுத்திருக்கிறார். அதை மட்டும் ஒருமுறை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

வடதிசை:

தம்பி, நான் எட்மன்டனில் இருக்கிறேன், கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உன் இரண்டாவது கேள்விக்கு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. கிழக்கு ஃபின்லாந்துப் பல்கலைக்கழகத்தின் சல்லி ஆன்டோனென், ஃபின்லாந்துப் பத்திரிகைகளில் 2000 முதல் 2014 வரை வந்த நிக்கல்பேக் விமர்சனங்களை எடுத்துப் படித்து 2016-இல் கட்டுரை வெளியிட்டார். விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை, இவர்கள் உண்மையாக இல்லை என்பது. ஒரு ராக் குழு எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புகளை இவர்கள் மிகச் சரியாகப் பூர்த்தி செய்கிறார்கள், அதனாலேயே கணக்குப் போட்டுச் செய்ததாகத் தெரிகிறார்கள். ஆறாம் தந்தி சொன்ன இரண்டு பாட்டு ஒற்றுமையும் இதில்தான் வந்து சேர்கிறது.

ஆனால் நீ எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது பிக்கப் வண்டியும் விருந்தும்தான். யார் சிரித்தார்கள், யார் பாடினார்கள் என்று பார். பைப்ஃபிட்டர் தன் ரசனையை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. நகரத்து அலுவலகத்தில் எல்லோரும் எல்லோரையும் அளந்துகொண்டிருக்கிறார்கள், எதை வெறுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் அங்கே ஒரு தகுதி. நாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள், அந்தப் பட்டியல் நம் கைக்கு வருவதில்லை. கேட்டுப் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்கிறோம்.

இன்னொன்று. இவர்கள் ஆல்பங்களை உருவாக்கியதில் ஜோயி மோய் என்று ஒருவர் உண்டு, பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர். பிறகு நாஷ்வில் போய் கன்ட்ரி இசைக்காரர்களான ஃபுளோரிடா ஜார்ஜியா லைனுக்கும் மார்கன் வாலனுக்கும் தயாரிப்பாளர் ஆனார். அந்த அடர்த்தியான கிதாரும் அரங்கமே சேர்ந்து கத்தும் பல்லவியும் இன்று கன்ட்ரி இசையில் ஓடுகின்றன, கூட்டமும் பின்னாலேயே போயிருக்கிறது. வாங்கியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டாயே, பாதிப் பேர் அங்கேதான்.

2023 மார்ச்சில் எங்கள் ஊரில் நடந்த ஜூனோ இசை விருது விழாவில் அவர்களைக் கனடிய இசைப் பெருமை மன்றத்தில் சேர்த்தார்கள். நான் டிவியில் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண், தொழிற்சங்கத்தில் வேலை பார்க்கிறவள், எழுந்து நின்று கைதட்டினாள்.

ஆறாம் தந்தி:

'சைட் ஆஃப் எ புல்லட்' கேட்டேன், நண்பர் சொன்னபடியே ஹெட்போனில். சோலோ டாரலுடையது என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும், அந்தக் கீச்சொலி வேறு யாருக்கும் வராது. அதற்கு முன்னால் திரும்பத் திரும்ப வரும் கிதார் ரிஃப் கனமாக இருக்கிறது, டிரம்மும் நன்றாக இருக்கிறது. டிரம்மர் டேனியல் அடேர் இவ்வளவு வாசிப்பார் என்று நினைக்கவில்லை. பல்லவி வந்ததும் மறுபடியும் அந்தக் குரல், அந்த அடைப்பு. என்னால் முடியவில்லை. ரசிகனாக மாட்டேன்.

வடதிசை அக்கா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். நான் யாரையும் அளக்க இதைச் சொல்லவில்லை, என் காதுக்கு ஒத்துவரவில்லை. ஆனால் எங்கள் குழுவில் ஒருவன் இவர்கள் பெயரை வசவாகவே பயன்படுத்துவான். ஒரு ஆல்பமாவது முழுதாகக் கேட்டிருக்கிறானா என்று சனிக்கிழமை ஒத்திகையில் கேட்கப் போகிறேன். அந்த ரிஃப் எந்த ட்யூனிங்கில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? வாசித்துப் பார்க்க வேண்டும்.