எக்ஸ்எல்டியில் கறுப்பு நடு, சீரத்தில் திரளேல்லை: சல்மனெல்லாவா இல்லையா?

பரந்தன் மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக கிளிநொச்சி, மாங்குளம் கடைகளின் கோழிக் கழுத்துத் தோலில் சல்மனெல்லா (வயிற்றோட்டம் தாற பற்றீரியா) தேடுறன். 25 கிராம் தோல், 225 மில்லிலீற்றர் பெப்ரோன் நீர், 37 பாகையில் 18 மணித்தியாலம். பிறகு ஆர்விஎஸ் (மற்றப் பற்றீரியாவைத் தடுக்கிற திரவ ஊடகம்), அதிலிருந்து எக்ஸ்எல்டி ஏகார் (நிறம் மாறிக் காட்டுற திண்ம ஊடகம்). கனக்கப் பிளேற்றுகளில் கறுப்பு நடுவுள்ள கொலனி வருது. ரிஎஸ்ஐயும் (சீனி, இரும்பு உள்ள சரிவுக் குழாய்ச் சோதனை) சல்மனெல்லா மாதிரித்தான். ஓ சீரம் (பற்றீரியாவின் மேற்பரப்பிலுள்ள ஓ சங்கிலியைப் பிடிச்சுத் திரளவைக்கிறது) போட்டால் சிலது திரளேல்லை, சிலது வெறும் உப்புநீரிலேயே திரளுது. எங்கை பிழை? தொடர்ந்து இந்தத் துறையிலேயே ஆராய்ச்சி செய்ய ஆசை. இந்தக் கொலனிகளை எப்பிடி வைச்சிருக்கிறது?

பாலியாறு:
தங்கச்சி, கறுப்பு எண்டால் ஐதரசன் சல்பைட்டு உண்டாகியிருக்கு, அவ்வளவுதான். புரொற்றியஸ் மிராபிலிஸ், சிற்றோபக்ரர் எண்ட வேறை குடல் பற்றீரியாக்களும் அதைச் செய்யும். கறுப்பை விட்டிட்டுச் சுத்தியுள்ள நிறத்தைப் பாருங்கோ. சல்மனெல்லா முதலில் சைலோஸ் எண்ட சீனியை நொதிக்கவைச்சு ஊடகத்தை மஞ்சளாக்கும், பிறகு லைசீன் எண்ட அமினோ அமிலத்தை உடைச்சுத் திரும்பச் சிவப்பாக்கும். மற்ற இரண்டுக்கும் லைசீனை உடைக்க ஏலாது, அதாலை பெரும்பாலும் மஞ்சளாவே நிக்கும். 24 மணித்தியாலத்தில் வாசியுங்கோ. கூட விட்டால் நிறம் ஏமாத்தும்.

ரிஎஸ்ஐயை மட்டும் நம்பாதேங்கோ. புரொற்றியஸ் மிராபிலிஸ் அதிலை அச்சொட்டாச் சல்மனெல்லா மாதிரி: சிவப்புச் சரிவு, மஞ்சள் அடி, கறுப்பு. யூரியா ஏகாரில் போட்டால் சில மணித்தியாலத்திலேயே ரோஸ் நிறமாகிப் பிடிபடும். சிற்றோபக்ரரை லைசீன் சோதனை பிரிச்சுக் காட்டும். ரிஎஸ்ஐக் குழாயின் மூடியை இறுக்க வேண்டாம், காத்து வேணும்.

சீரம் கடைசி. எக்ஸ்எல்டியில் இருந்து நேரா எடுக்காமல் நியூற்றியன்ற் ஏகாரில் தனிக்கொலனியாக்கி எடுங்கோ. முதலில் உப்புநீர்த் துளி. அதிலேயே திரண்டால் அது மேற்பரப்பில் ஓ சங்கிலியை இழந்த கரட்டு வகை. அதை நேர் எண்டும் எழுதேலாது, எதிர் எண்டும் எழுதேலாது. சீரப் போத்தலில் எழுதியிருக்கிற ஓ கூட்டங்களுக்கு வெளியாலை உள்ள சல்மனெல்லாவும் திரளாது.

முறிகண்டி:
பெப்ரோன் நீரில் வளர்ந்ததை ஆர்விஎஸ்ஸில் எவ்வளவு விடுறீங்கள்? 10 மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிலீற்றர்தான். 1 மில்லிலீற்றர் விட்டால் பெப்ரோன் நீரும் கூடப்போய், அந்த ஊடகத்தின் தடுக்கிற பலம் குறையும். வெப்பநிலை 41.5 பாகை, ஒரு பாகைக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. கரண்ட் நிண்டால் இன்கியுபேற்றர் கெதியிலை ஆறும், மூடியுள்ள தண்ணீர்த் தொட்டி மெல்லத்தான் ஆறும். ஆர்விஎஸ்ஸைத் தொட்டியிலேயே வையுங்கோ.

ஆர்விஎஸ் தூள் ஈரம் இழுக்கும். கட்டிபட்டிருந்தால் நிறுவை பிழைக்கும். அதை ஓட்டோகிளேவில் 115 பாகையில் 15 நிமிடம், 121 இல்லை. எக்ஸ்எல்டியை ஓட்டோகிளேவே செய்யக்கூடாது. கொதி வந்தவுடன் இறக்கி, 50 பாகைக்கு ஆறவிட்டு ஊத்துங்கோ. ஒவ்வொரு தடவையும் தெரிஞ்ச சல்மனெல்லா ஒண்டும், ஒண்டும் போடாத பெப்ரோன் நீர் ஒண்டும் கூட ஓடவேணும். இவை இரண்டும் இல்லாமல் வந்த முடிவை நான் ஏற்கமாட்டன்.

ஓமந்தை அக்கா:
உறுதியான கொலனியை 20 வீத கிளிசரோல் கலந்த குழம்பில், இரண்டு குப்பியாக, −80 பாகையில் வையுங்கோ. தானா உறைபனி நீக்குற வீட்டுப் பிரிட்ஜ் வேண்டாம். உருகி உருகி உறைஞ்சு செத்துப்போகும். குப்பி இலக்கத்தோடை திகதி, கடை வகை, வளர்ப்புக் கோழியா ஊர்க்கோழியா, ஐஸில் வந்ததா எண்டதையும் எழுதுங்கோ. பத்து வருசத்துக்குப் பிறகு மரபணு வரிசை பார்க்கிற ஆளுக்கு அந்தக் குறிப்பில்லாத குப்பியால் பிரயோசனம் குறைவு.

வயல்மண், சேற்றுநீர்ப் பக்கம் ஆராய்ச்சி போகுமெண்டால் கவனம். மெலியோய்டோசிஸ் எண்ட கடும் நோயைத் தாற பேர்கோல்டேரியா சூடோமல்லேய் பற்றீரியா இலங்கை மண்ணில் இருக்கு. பிளேற்றை மணக்கக்கூடாது, பாதுகாப்புக் கபினற்றுக்கு வெளியில் திறக்கவும் கூடாது.

பரந்தன் மாணவி:
நன்றி அக்கா. அன்ரிபயோட்டிக் தட்டுப் போட்டுப் பார்த்தன். உறுதியான சல்மனெல்லாவில் ஜென்ராமைசின் தட்டைச் சுத்திப் பற்றீரியா வளராத நல்ல பெரிய வட்டம். மருந்து கேட்கும் எண்டு எழுதலாமா?

ஓமந்தை அக்கா:
எழுதாதேங்கோ. சல்மனெல்லா கலத்துக்குள்ளை ஒளிச்சிருக்கிறது. ஜென்ராமைசின் மாதிரியான அமினோகிளைக்கோசைட்டுகளும் முதல், இரண்டாம் தலைமுறைச் செபலோஸ்போரின்களும் பிளேற்றில் கேட்டாலும் நோயாளியில் கேளாது. சிப்ரோஃப்ளொக்சசினுக்குச் சல்மனெல்லாவுக்கெண்டு தனி வட்ட அளவு எல்லை இருக்கு. மற்றக் குடல் பற்றீரியாவின் அட்டவணையைப் பார்க்க வேண்டாம். தட்டுப் போடுற முல்லர்-ஹின்ரன் ஏகார் 4 மில்லிமீற்றர் தடிப்பா எண்டும் அளந்து பாருங்கோ. மெல்லிசா ஊத்தினால் எல்லா வட்டமும் பெருத்துத்தான் தெரியும்.