இங்கிலாந்தின் பெட்ஃபர்ட் ஆற்றங்கரையில் சாப்பிட்டவர்கள், மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மில்டன்கீன்ஸ் மாப்பிள்ளை
நானே தொடங்குகிறேன். ஜூனில் ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரைக் கூட்டிப் போனோம். ஊஸ் ஆறு, அன்னங்கள், தொங்குபாலம் எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். சனிக்கிழமை என்பதால் செயின்ட் பால்ஸ் சதுக்கத்தில் சந்தை. அத்தைக்குப் பசி. ஒரு கடையில் க்ளேங்கர் என்ற நீளமான மாவுப் பண்டம் இருந்தது. வழக்கமாக ஒரு முனையில் கறி, மறுமுனையில் ஜாம் வைப்பார்களே, அதுதான். ஆனால் இதில் கறிக்குப் பதில் உருளைக்கிழங்கும் சீஸும். "உள்ளே இறைச்சி இல்லையே?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

அத்தை ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து உப்பு முனையில் ஆரம்பித்து ஜாம் முனை வரை சாப்பிட்டார். "கொழுக்கட்டையில பாதி உப்பு, பாதி பூரணம் வெச்ச மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்று விரலில் ஒட்டியதையும் விடவில்லை. பையைக் குப்பையில் போடும்போதுதான் அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மேல்மாவில் சூயட். மாட்டுக் கொழுப்பு. அத்தை பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா, வேண்டாமா?

லூட்டன் பெரியவர்
தம்பி, க்ளேங்கர் பெட்ஃபர்ட் நகரத்துக்கு மட்டும் சொந்தமில்லை, பெட்ஃபர்ட்ஷயர் முழுக்க உள்ள பண்டம். தொப்பிக்கு வைக்கோல் பின்னிய எங்கள் லூட்டன் பெண்கள் காலையிலேயே இதைத் துணியில் சுற்றிக் கொதிக்க விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்களாம். இப்போது எல்லாரும் ஓவனில் வேக வைக்கிறார்கள், அதை நான் க்ளேங்கர் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

என் கதை சின்னது. ஞாயிற்றுக்கிழமை, பேரப்பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் ஒரு பப். மணி மூன்றே கால். கிச்சன் மூன்றுக்கே மூடியாச்சு என்றான் பையன். எங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு முழுத்தட்டு இறைச்சி ரோஸ்ட் பக்கத்து மேசைக்குப் போனது. சின்னவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிப்ஸ் பாக்கெட் வாங்கித் தந்தேன், வாங்கமாட்டேன் என்றுவிட்டாள்.

நைட் டூட்டி
பெட்ஃபர்டில் நர்ஸ். இங்கே வந்து பப்பில் ரோஸ்ட் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்களே ஐயா, இத்தாலியச் சாப்பாட்டை விட்டுவிட்டு! 1951-லிருந்து செங்கல் சூளைகளுக்கு ஆள் போதாமல் தெற்கு இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்று ஊரில் பாதி காபிக் கடை.

ஒருநாள் டூட்டி முடிந்து அப்படி ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டியில் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைத் தாத்தா சிரித்தார். அவர் சின்னப் பையனாக வந்த புதிதில் அம்மா இந்த எண்ணெயை மருந்துக்கடையில்தான் வாங்குவாராம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் சீசாவின் உயரத்தைக் காட்டினார். அப்புறம் தலையைச் சாய்த்துக் காதுக்குள் சொட்டு விடுவதுபோல் நடித்தார். அதற்குத்தான் அன்று வெள்ளைக்காரர்கள் ஆலிவ் எண்ணெய் வாங்குவார்களாம். அவர் அம்மா அதில் சமைத்தார்.

நாங்கள் வார்டில் இன்றும் குறும்பிக்கு அதே எண்ணெயைத்தான் விடுகிறோம். சொட்டு விடும்போதெல்லாம் அந்தச் சாய்ந்த தலை ஞாபகம் வருகிறது.

ஊஸ்கரை வாசி
முதல் பதிவருக்கு. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் "உள்ளே" என்றுதானே கேட்டீர்கள்? உள்ளே இல்லைதான். இந்த ஊரில் கேள்வியையே மாற்ற வேண்டும். அந்தச் சீட்டு இருந்ததும் சும்மா இல்லை, கடையிலேயே முன்கூட்டிப் பொதிந்து விற்பதில் சேர்மானம் முழுவதையும் அச்சடிக்க வேண்டும் என்று 2021 அக்டோபரிலிருந்து சட்டம். ஆனால் உணவகத்தில் தட்டில் வருவதற்கு அது கிடையாது. ஒவ்வாமைப் பட்டியலைக் காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். அதில் இருப்பது 14 பொருள்: பால், முட்டை, கடுகு, எள், செலரிகூட உண்டு, மாட்டுக் கொழுப்பு கிடையாது. சிப்ஸை எதில் பொரித்தார்கள் என்று கேளுங்கள், மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. வூஸ்டர் சாஸில் நெத்திலி. பன்னா கோட்டா என்ற இத்தாலிய இனிப்பில் ஜெலட்டின், அதுவும் விலங்கிலிருந்து எடுப்பது. அந்த நர்ஸ் அக்கா புகழும் இத்தாலியக் கடையில் பார்மிஜானோ சீஸ் தூவினால் அதுவும் சைவமில்லை, பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இல்லாமல் அந்தச் சீஸ் அந்தப் பெயரில் வராது. தாவரக் கொழுப்பில் செய்த சூயட்டும் விற்கிறது, அதில் செய்ததா என்று கேட்டு வாங்கலாம்.

என் அனுபவமா? பெரிதாக ஒன்றுமில்லை. க்வீன்ஸ் பார்க் குருத்வாராவில் ஒரு மழைநாள் சப்பாத்தியும் பருப்பும் சாப்பிட்டேன், எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நைட் டூட்டி
அக்காவா? எனக்கு இருபத்தாறு வயது. அப்புறம், குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகப் போடும் லங்கர் உணவகம் இல்லையே.

லூட்டன் பெரியவர்
மாப்பிள்ளை கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லாதீர்கள் தம்பி. தெரியாமல் நடந்தது.

ஊஸ்கரை வாசி
சொல்லுங்கள். நாளைக்கு வேறு யாராவது சொல்லித் தெரிந்தால்?

மில்டன்கீன்ஸ் மாப்பிள்ளை
நேற்றுப் பிள்ளையார் சதுர்த்திக்கு வீடியோ காலில் வந்தார்கள். அத்தை நீளமாக ஒரு கொழுக்கட்டையைப் பிடித்து, "இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் பூரணம். உங்க ஊர் க்ளேங்கர்!" என்று கேமராவுக்கு மிக அருகில் காட்டினார். தெருவில் எல்லோருக்கும் கொடுத்தாராம். என் மனைவி, "அந்தக் கடையில எப்படிச் செய்றாங்கன்னு கேட்டுச் சொல்றேம்மா" என்று என் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் தெரியாது.