குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் காய்ச்சல் பதிவுகளை எண்ணுகிறேன், பயன் உண்டா?

செந்தூல்வாசி:
கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடியில் இருக்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேச்சு லிஃப்ட் பழுது, மீதி கார் நிறுத்தும் சண்டை. மூன்று வாரமாக நடுநடுவே "பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தக் கிளினிக் திறந்திருக்கு?" என்றும் வருகிறது. மளிகைக் கடை காலண்டரில் பதிவுக்கு ஒரு கோடு போட்டேன். முதல் வாரம் 3, அடுத்து 4, இந்த வாரம் 11. வீட்டுக்காரர் சிரிக்கிறார். டிங்கியா (கொசு பரப்பும் டெங்கு), சாதாரண சளிக் காய்ச்சலா என்று கோடு சொல்லாதுதான். ஆனாலும் முன்கூட்டியே ஏதாவது பிடிக்க முடியுமா?

பாயான் பாரு பையன்:
அக்கா, இதையே கூகுள் பெரிதாகச் செய்து பார்த்தது. 2008-இல், மக்கள் தேடும் சொற்களை வைத்து அமெரிக்காவில் ஃபுளூ எவ்வளவு என்று கணித்தார்கள். 2012-13 பருவத்தின் உச்சத்தில் அரசுக் கணக்கைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு காட்டிவிட்டது. செய்தியில் ஃபுளூ, ஃபுளூ என்றால் நன்றாக இருப்பவனும் தேடுவான் இல்லையா. 2015-இல் நிறுத்திவிட்டார்கள்.

என் கதை இன்னும் மோசம். கல்லூரி அசைன்மென்ட்டுக்கு டுவிட்டரில் "டெமாம்" (மலாயில் காய்ச்சல்) என்று தேடினேன். உலகக் கிண்ண நேரம். வந்ததில் பாதி "டெமாம் போலா", அதாவது பந்துக் காய்ச்சல். பந்துப் பைத்தியத்தையெல்லாம் நோயாளிக் கணக்கில் சேர்த்துவிட்டேன்!

உங்கள் 11 எத்தனை வீடு? ஒரே ஆள் மூன்று தடவை கேட்டால் மூன்று கோடா?

செந்தூல்வாசி:
ஆமாம் தம்பி, மூன்று கோடுதான் போட்டிருக்கிறேன். திரும்ப எண்ணினால் 6 வீடு. அதில் ஒரு காய்ச்சல் ஈப்போவில் இருக்கும் மாமியாருக்கு. ஆக 5.

கிளினிக் கவுண்டர்:
5 என்றாலும் விடாதீர்கள். எந்த புளோக், எந்த மாடி என்று குறியுங்கள். பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம். டிங்கி என்றால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் நம் ஆட்கள் இரண்டு நாள் பனாடோல் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே எங்களிடம் வருகிறார்கள்? அந்த இரண்டு நாளில்தான் உங்கள் குழுவில் புலம்பல். அப்புறம், காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி, வாந்தி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். தேறிவிட்டது என்று பலர் ஏமாறுவது அங்கேதான்.

செந்தூல்வாசி:
குறித்தேன். 5-இல் 4 வீடு பி புளோக், 2 முதல் 4-ஆம் மாடி வரை. கீழே போய்ப் பார்த்தால், குப்பை அறைக்குப் பின்னால் யாரோ வீசிய ரைஸ் குக்கர் சட்டி, நிறைய மழைத்தண்ணீர், உள்ளே குட்டிக் குட்டியாகக் கொசுப்புழு நெளிகிறது. படம் எடுத்துக்கொண்டு, கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். படத்தைக் குழுவில் போட்டதும் வந்த முதல் பதில்: "அக்கா, லிஃப்ட் எப்போ சரியாகும்?"