கல்வட்டம் இருக்கிற காட்டில் தாலிக்கொடி தொலைந்தது, மெட்டல் டிடெக்டர் போட்டுத் தேடலாமா?

மேட்டுக்காடு
சென்னிமலைப் பக்கம், பட்டா நிலம் 2 ஏக்கர், செம்மண். கடலைக்காய் பிடுங்கும்போது 3 பவுன் தாலிக்கொடி விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பது கலப்பையில் (ஒன்பது கொழு உள்ள டிராக்டர் கலப்பை) ஒரு ஓட்டு ஓட்டியாச்சு. வடகிழக்கு மூலையில் ஊரில் பாண்டியன் குழி என்கிற பழைய கல்வட்டம் (பழங்கால ஈமக்குழியைச் சுற்றி வைத்த கற்கள்), அதை ஒட்டியே பங்காளிகளின் சமாதி இரண்டு. 11 இஞ்ச் காயில் (தரையை ஒட்டி வீசும் வட்டத் தலை, coil) உள்ள மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. எப்படித் தேடுவது? குழிப் பக்கம் போகலாமா? வேறு ஏதாவது கிடைத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

கலப்பைக்கொழு
மிஷினைக் காட்டில் இறக்குவதற்கு முன்னால் கடலைக்கொடிப் போரைப் பாருங்க. காய் ஆய்ந்த இடம், கட்டுத்தரை, டிராக்டர் கலப்பையின் கொழு இடுக்கு எல்லாம் முதலில். தாலிக்கொடி கொழுவில் மாட்டினால் விழுந்த இடத்தில் இருக்காது. ஓட்டின திசையிலேயே இழுபட்டு, கலப்பையைத் தூக்கித் திரும்பிய வரப்போரம் கிடக்கும். அந்த இரண்டு ஓரத்தையும் முதல் நாளே முடியுங்க.

அப்புறம் காடு. முளை அடித்து 1 மீட்டருக்கு ஒரு கயிறு கட்டி, தரையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் காயிலை வீசுங்க. ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் பாதிக் காயில் மேலேறணும். நெடுக்கே முடித்த பிறகு குறுக்கே ஒரு தரம். தட்டைக்கட்டையில் காயில் இடித்தால் பொய்ச் சத்தம் வரும், முதலில் அதை வெட்டிவிடுங்க.

கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணே தரும் சத்தத்தை மிஷின் ஒதுக்கும்படி சரி செய்வது) செய்யாமல் செம்மண்ணில் நடப்பது வீண். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை 3 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ. வரை ஏற்றி இறக்கிச் சத்தம் ஒரே சீராக வரும் வரை சரி செய்யணும். மழைத்தண்ணீர் ஒதுக்கிய கருமணல் வாய்க்காலிலும், சுக்கான்கல் தெரியும் இடத்திலும் திரும்பச் செய்யணும்.

அதிகம் பேர் தவறுவது டிஸ்க்ரிமினேஷனில், அதாவது வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் அடைக்கும் வசதியில். குட்கா கவர், மாத்திரை அட்டை சத்தம் தொந்தரவு என்று ஃபாயிலை அடைத்துவிடுவார்கள். சின்னத் தங்கத்துக்கு மிஷின் திரையில் வருகிற எண்ணும் அதே பக்கம்தான். இரும்பை மட்டும் அடையுங்க. இன்னொன்று: சங்கிலி என்பது மிஷினுக்கு ஒரே பொருள் இல்லை, தனித்தனிச் சின்ன வளையங்கள். எடைக்குத் தகுந்த சத்தம் தராது. தாலியும் திருகாணியும்தான் கூப்பிடும். அதே மாதிரி ஒரு கொடியை நூல் கட்டி 10 செ.மீ., 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, எந்த எண் வருகிறது என்று குறித்துக்கொண்டு ஆரம்பியுங்க.

ஓட்டுச்சில்லு
குழிப் பக்கம் வேண்டாம். காரணம் எளிது. ஒன்பது கலப்பை அரை அடி, மிஞ்சினால் முக்கால் அடி மண்ணைத்தான் புரட்டும். உங்கள் கொடி அந்த மண்ணுக்குள்தான் இருக்க முடியும். அதற்குக் கீழே கேட்கிற எந்தச் சத்தமும் உங்களுடையது இல்லை, கடப்பாரை எடுக்காதீங்க. களைக்கொத்தும் சல்லடையும் போதும்.

கண்ணுக்குத் தெரிகிற கல்லோடு வட்டம் முடிந்துவிடாது. பழைய ஓட்டில் கல் பெயர்ந்திருக்கலாம், பக்கத்திலேயே கல் இல்லாத தாழியும் (இறந்தவரைப் புதைத்த பெரிய பானை) இருக்கலாம். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பாக ஓடு வந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடணும். என் கணக்கில் வெளிக்கல்லிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்பது நல்லது.

தங்கம் இருக்கும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் அகழாய்வுக்காகத் தோண்டியதில் ஈமக்குழிகளில் அதிகம் வந்தது பானை, இரும்பு ஆயுதம், கல்மணி. துருப்பிடித்த அகலமான இரும்பு சில சமயம் இரும்புச் சத்தத்தோடு சேர்த்து உயர்ந்த சத்தமும் தரும். அதைக் கேட்டுத்தான் தங்கம் என்று ஏமாறுகிறார்கள். கற்பதுக்கையோ (கல் பலகையால் கட்டிய ஈம அறை) மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும். 11 இஞ்ச் காயில் மோதிர அளவுப் பொருளை 15–20 செ.மீ. வரைதான் பிடிக்கும். கடைக்காரர் சொல்லும் 1 மீட்டர், பெரிய டிரம் மாதிரிப் பொருளுக்கு.

மேட்டுக்காடு
சமாதி ஓரமும் நிறைய சத்தம் வரும் என்கிறார்களே?

ஓட்டுச்சில்லு
பாடை போன தடத்தில் இறைத்த சில்லறை, மாலைக்கம்பி, ஆணி. மேலாக இருப்பது இவைதான். தடத்தை வேணுமானால் பாருங்க; மேட்டின் மேல் காயில் வைப்பதற்கு முன்னால் பங்காளிகள் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடணும். நிலம் உங்கள் பேரில் இருந்தாலும்தான்.

தாலுகா வாசல்
சட்டத்துக்கு வருவோம். உங்கள் கொடி கிடைத்தால் அது உங்களுடையது, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் மறைந்திருந்த வேறு பொருள், மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வரும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுத்தில் கொடுக்கணும். பட்டா இருப்பதால் இதிலிருந்து தப்ப முடியாது. மறைத்தால் எடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, உடந்தையான நிலக்காரருக்கு ஆறு மாதம் வரை. அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரும்.

அந்தக் குழி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்க. இருந்தால் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அப்போது களைக்கொத்து எடுப்பதற்கும் முன்னால் கேட்டுக்கொள்வதே பத்திரம்.

பழைய பொருள் தெரிந்துவிட்டால் எடுக்காதீங்க, கழுவாதீங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, போனில் இடத்தைக் குறித்து, மண்ணை மேலே தள்ளி மூடிவிட்டு வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லுங்க.

கலப்பைக்கொழு
மேட்டுக்காடு, வாடகை மிஷின் வாங்கும்போது காயில் ஒயர் கம்பைச் சுற்றி இறுக்கமாக இருக்கிறதா பாருங்க. தொங்கினால் ஒவ்வொரு வீச்சுக்கும் கத்தும். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குனியாதீங்க. இரும்புத் தகடு வைத்த பூட்ஸும் வேண்டாம்.