சவுதி வேலையை விட்டு லயத்துக்குத் திரும்பியது பற்றி

சம்பளம் அதிகமுள்ள வேலையா, மனத்துக்கு நிறைவு தரும் வேலையா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் நர்சிங் படித்த அல்லது படித்துக்கொண்டிருக்கும் பெண்கள். நான் சவுதி அரேபியாவில் நான்கரை ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அங்கே வாங்கியதில் கால் பங்குக்கும் குறைந்த சம்பளத்துக்குக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திரும்பி வந்தவள் என்பதால், நிறைவுதான் பெரிது என்று சொல்வேன் என எதிர்பார்த்தே வருகிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்பது, நடந்ததை முறையாக எழுதினால் விளங்கும் என்று நினைக்கிறேன்.

பீர்மேடு தாலுகாவில், வண்டிப்பெரியாறுக்கு அருகே ஒரு தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தேன். பாட்டனார் காலத்தில், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்து வந்த குடும்பம் எங்களுடையது. சொந்த ஊர் என்று நாங்கள் இன்றும் சொல்வது தமிழ்நாட்டில் கம்பம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்தை. அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டவும் மருந்தடிக்கவும் போனார். 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை விழுந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் பூட்டப்பட்டன. எங்கள் தோட்டமும் அவற்றில் ஒன்று. சம்பள பாக்கியும் கிராஜுவிட்டியும் வராத அந்த ஆண்டுகளில் அம்மா விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குப் போய்க் காய் எடுத்து என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அதன்பிறகு 2 லட்சம் ரூபாய் வங்கிக் கடனில் ஜெனரல் நர்சிங் படித்தேன். இந்தக் கடனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது.

2010-இல் சமவெளி நகரம் ஒன்றில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். நேர்முகத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்த நிர்வாகி, நர்சிங் என்பது சேவை, இதில் வருபவர்கள் சம்பளத்தைப் பார்த்து வரக் கூடாது என்று மிகுந்த கனிவோடு சொல்லிவிட்டு, மாதம் 5,000 ரூபாய் என்றார். இரண்டாண்டு கழித்துத் தருவதாக என் அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கடன் தவணை மாதம் 3,500. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 1,200. மீதமிருந்த 300 ரூபாயில் சோப்பு, பேருந்துக் கட்டணம், அம்மாவுடன் பேசத் தொலைபேசி. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரவுப் பணியில் நாற்பது நோயாளிகளுக்கு இருவர் என்று ஓடிய நாட்களிலும், காய்ச்சல் இறங்கிய குழந்தை விடியற்காலையில் பால் கேட்டால் மனம் நிறைந்துவிடும். அந்த நிறைவைக் கொண்டு தவணை கட்ட முடியாது என்பதைத்தான் அந்த இரண்டு ஆண்டுகளில் நான் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி தெரிந்துகொண்டேன். கேரளத்தில் செவிலியர்கள் சம்பளத்துக்காகவும், சான்றிதழைப் பிடித்து வைப்பதற்கு எதிராகவும் வேலைநிறுத்தங்கள் செய்த காலம் அதுதான். அந்தச் செய்திகளை நாங்கள் விடுதியில் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம்.

அங்கே எனக்கு மூத்தவராக இருந்த கட்டப்பனைக்காரர் ஒருவரை நாங்கள் சேச்சி என்று அழைப்போம். ஒரு நாள் இரவு நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய் ஏதாவது சிறிய கிளினிக்கில் சேரப்போவதாக அழுதபோது, அவர் ஆறுதல் எதுவும் சொல்லாமல் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்து, வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும், கடன் எவ்வளவு, தங்கைக்கு எப்போது திருமணம், அப்பாவின் மருந்துக்கு என்ன செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வைத்தார். எழுதி முடித்ததும் கீழே ஒரு கோடு போட்டு, "இந்தத் தொகை வரும் வரை பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சே உனக்கு வேண்டாம், வந்த மறுநாளிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் பேசாதே" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதற்கு இணையாக வேறொன்றையும் நான் வைப்பதில்லை.

2013-இல் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் கேரள அரசின் ஒடெபெக் நிறுவனம் வழியாகச் சவுதியின் கிழக்கு மாகாணத்தில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்குத் தேர்வானேன். சம்பளம் 3,900 ரியால். அன்றைய மதிப்பில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டுகளைப் பற்றித் துயரக் கதை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு செவிலியருக்கு மூன்று நோயாளிகள், ஒழுங்கான பணி நேரம், கேட்டால் கிடைக்கும் கையுறை. வேலையை முழுமையாகக் கற்றுக்கொண்டதே அங்கேதான். கடன் பதினான்கு மாதத்தில் தீர்ந்தது. தங்கைக்குத் திருமணம் நடந்தது, கம்பத்தில் இரண்டு அறையும் அடுக்களையுமாக ஒரு வீடு எழுந்தது. குறை என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும். வலி இருக்கிறதா என்று கேட்க "ஃபீ அலம்?" என்ற இரண்டு சொற்களை முதல் வாரமே கற்றுக்கொண்டேன், இருக்கிறது, இல்லை என்பதற்கு மேல் அவர்கள் சொன்ன எதுவும் கடைசி வரை எனக்குச் சரியாகப் புரியவில்லை. அதை அப்போது நான் ஒரு குறையாக எண்ணவும் இல்லை.

2017-இல் விடுப்பில் வந்தபோது, அம்மாவோடு ஒரே காட்டில் இருபது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு பெரியம்மாவைப் பார்க்க லயத்துக்குப் போனேன். வாய்ப் புற்றுநோய், வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் மலையேறிய நாளே அவருக்குக் கிடையாது. கோட்டயம் மெடிக்கல் காலேஜில் கதிர்வீச்சு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் போன அன்று பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) சிஸ்டரும் வந்திருந்தார். நல்ல மனமும் கைப்பக்குவமும் உள்ள மலையாளிப் பெண். புண்ணைக் கழுவிக் கட்டிய விதத்தைப் பார்த்தே அவர் வேலையில் எத்தனை கவனமானவர் என்று தெரிந்துகொண்டேன். "வேதனயுண்டோ அம்மே?" என்று கேட்டார். "உண்டு" என்றார் பெரியம்மா. நான்கு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று சிஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி வலிக்கிறது பெரியம்மா என்று நம் பேச்சில் கேட்டேன். "மாத்திர போட்டா கடுக்குறது நின்னுருது பாப்பா. ஆனா காதுலருந்து தாடைக்கு, கம்பியச் சுட்டு இழுத்தாப்ல சுள்ளு சுள்ளுனு ஓடுது. சேல முந்தி பட்டாக்கூட எரியுது" என்றார். நர்சிங் படித்தவர்களுக்கு இந்த மூன்று வாக்கியம் போதும். கடுப்பது ஒரு வலி, சுள்ளென்று இழுப்பதும் துணி பட்டாலே எரிவதும் வேறொரு வலி. இரண்டாவது, நரம்பு பாதிக்கப்பட்டதால் வருவது, அதற்கு மார்ஃபின் மட்டும் பல சமயங்களில் போதாது, அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் மலையாளத்தில் எடுத்துச் சொன்னதும் சிஸ்டர் அங்கிருந்தே டாக்டரை அழைத்தார். பத்து நாளில் பெரியம்மா இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். கடுக்குது, குத்துது, எரியுது, விண்ணுவிண்ணுனு தெறிக்குது, மதமதன்னு இருக்கு என்று எங்கள் மக்கள் வலியை எத்தனை வகையாகப் பிரித்துச் சொல்கிறார்கள் என்பதும், வேற்று மொழியில் கேட்டால் அத்தனையும் "உண்டு" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. நான்கரை ஆண்டுகள் "ஃபீ அலம்?" என்று கேட்டு வந்தவள் நான்.

கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 2008-இல் வலி தணிப்பு சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமாகக் கேரளம் ஆனது. செவிலியர் ஒருவர் ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரோடு வண்டியில் வீடு வீடாகப் போய்ப் படுக்கைப்புண் கட்டுவது, சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) மாற்றுவது, மருந்து கொடுப்பது என்று பஞ்சாயத்துகளில் அது நடக்கிறது. எங்கள் தோட்டங்களிலும் நடந்தது. ஆனால் தமிழ் பேசும் செவிலியர் அரிது. காரணம், லயத்தில் பிறந்து நர்சிங் படித்த பெண் முதல் வாய்ப்பிலேயே வெளியேறிவிடுகிறாள். வெளியேறியவர்களில் நானும் ஒருத்தி, அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை.

விடுப்பு முடிந்து சவுதிக்குத் திரும்பினேன். சேச்சியின் கணக்கை மீண்டும் எட்டு மாதம் எழுதினேன். கடன் இல்லை, வீடு இருக்கிறது, தங்கை தன் குடும்பத்தோடு இருக்கிறாள், வங்கியில் 4 லட்சம் இருக்கிறது. எனக்கு நிச்சயமாகியிருந்தவர் குமுளியில் ஜீப் ஓட்டுகிறார். அவருடைய வருமானமும் சேர்ந்துதான் இன்று எங்கள் குடும்பம் நடக்கிறது என்பதை மறைத்து எழுதினால் இந்தக் கணக்கே பொய்யாகிவிடும். கோட்டுக்குக் கீழே முதல் முறையாக மீதம் வந்தது. அப்போதுதான் சேச்சி சொன்ன அந்த மறுநாள் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

தோட்டத்துக்கே செவிலியராகத் திரும்பி வரப்போவதை அம்மாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மறுபடி இந்த லயத்துப் படி ஏறுறதுக்கா அட்டக்கடியில நின்னு உன்னயப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார். அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அவர் கேட்டது நியாயம். பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியே போவதை மட்டுமே சம்பாத்தியமாகக் கொண்ட ஒரு தலைமுறையிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு இப்போதும் நா எழுவதில்லை.

கோழிக்கோட்டில் வலி தணிப்பு சிகிச்சையில் மூன்று மாதப் பயிற்சி முடித்து, 2018 ஜூலையில் எங்கள் தோட்டப் பகுதியில் பாலியேட்டிவ் செவிலியராக ஒப்பந்தப் பணியில் சேர்ந்தேன். மாதம் 15,500. அதே ஆண்டு ஏப்ரலில்தான் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்று கேரள அரசு அறிவித்திருந்தது. எனக்குக் கிடைத்தது அதற்கும் கீழே. அடுத்த மாதமே பெருவெள்ளம். வண்டிப்பெரியாறு தண்ணீரில் நின்றது, சாலைகள் சரிந்தன. மார்ஃபின் தீர்ந்தால் தாங்காதவர்கள் ஒன்பது பேரின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேயிலைக் காட்டின் குறுக்குவழியே நடந்து போய்க் கொடுத்தோம். பிறிதொரு சமயம் இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானபோது, அதைக் கேட்கப் போன என்னிடம் ஓர் அலுவலர், இதையெல்லாம் சேவை மனப்பான்மையோடு பார்க்க வேண்டும் என்றார். 2010-இல் கேட்ட அதே சொல், அதே கனிவு. நான் சேவை செய்ய வந்தவள்தான், அதை என் நோயாளியின் கட்டிலருகே செய்கிறேன், சம்பளத்தை இங்கே வாங்குகிறேன் என்று சொல்லி எழுத்து மூலம் மனு கொடுத்துவிட்டு வந்தேன். நிறைவைக் காட்டிக் கூலியைக் குறைப்பவரிடம் அந்த நிறைவை ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலையை நேசிப்பவர்கள்தான் சம்பளத்தைக் கறாராகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலையில் நிலைத்திருக்க அவர்களாலேயே முடியாது.

எல்லா நாளும் நிறைவாக இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். புழு வைத்த புண், பராமரிக்க ஆளில்லாத கிழவர், மருந்தை நிறுத்திவிட்டு மந்திரிக்கப் போன வீடு என்று வாரத்தில் பாதி நாள் மனம் கனத்துத்தான் வீடு திரும்புகிறேன். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்வியை நான் தமிழில் கேட்கிறேன், அதற்குக் கிடைக்கும் பதில் எப்போதும் நீளமாக இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் கூடலூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்; நர்சிங் முடித்தவள், 3 லட்சம் கடன். உள்ளூரில் இருந்து உங்களைப் போல வேலை செய்யட்டுமா, ஜெர்மனிக்குப் போகட்டுமா அக்கா என்று கேட்டாள். நோட்டை எடுத்துக் கொடுத்து எழுதச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவளே கோடு போட்டாள். ஜெர்மனி அரசின் வேலைவாய்ப்பு முகமையும் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசின் நோர்க்கா அமைப்பும் 2021-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நடக்கும் ட்ரிபிள் வின் திட்டத்தில் ஆட்சேர்ப்புக் கட்டணம் இல்லை என்பதையும், அது போன்ற வழியை விட்டுவிட்டு இடைத்தரகரிடம் பணம் கட்ட வேண்டாம் என்பதையும் சொன்னேன். மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

சேருவதற்கு முன் ஒரு நாள் என்னோடு வண்டியில் வந்தாள். கால் எடுத்த தாத்தா ஒருவர், இல்லாத காலில் விண்ணுவிண்ணென்று தெறிக்கிறது என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், இறங்கி வரும்போது, "அக்கா, விண்ணுவிண்ணுன்னு வலிக்குதுங்கிறதுக்கு ஜெர்மன்ல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. முதல் வகுப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன்.